மாமா, உங்கள் ஸ்கூட்டருக்குப் பெரிய இன்ஜின் வைத்த விவரம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்குத் தங்கள் மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் மகள், தையற்கடை, கடையில் உள்ள இரண்டு மிஷின்கள் எல்லாம் சுகம். அங்கே தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருவேளை சுகக்குறைவாக இருந்தாலும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற அளவுக்காவது தெம்பை வரவழைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அத்தையின் கால்வீக்கம் வடிந்ததா? தங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார்களா? மருந்து விட்ட உடனே இதைப் படிக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கவும். கை வைத்த நாற்காலியாக இருந்தால் நல்லது.

போன கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி, உங்கள் மகளைப் பற்றி இரண்டு வரி, ஸ்கூட்டரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் விசாரித்திருந்தீர்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் மகளை என்னோடு அனுப்பிவைத்த அன்று "பாத்து போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்ன நீங்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்த அன்று, "இது எனக்கு மூணாவது பிள்ளை மாதிரி, என்ன ஆனாலும் வித்துடாதீங்க மாப்ளே" என்று என் கையை விடாமல் சொன்னதை நான் மறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக விற்கவும் இல்லை. ஸ்கூட்டர் நன்றாக இருக்கிறது, மாமா. வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் கொடுத்த அதே ஸ்கூட்டர்தான். உள்ளே இருப்பதுதான் வேறு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று காகிதம் கிழித்துப் போட்டுவிட்டேன், இது நாலாவது, ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கடை மேட்டுக்குக் கீழே, வீடு மேட்டுக்கு மேலே என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் கடைக்குப் போவதில் ஒரு தொந்தரவும் இல்லை, வண்டியைக் கையால் தொட்டுவிட்டாலே போதும், தானாகப் போய்விடும். சாயங்காலம் திரும்பும்போதுதான் சங்கதி. நானும் உங்கள் மகளும் உட்கார்ந்து மேடு ஏற ஆரம்பித்தால், பாதி வழியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதுவரைக்கும் முனகிக்கொண்டே வரும். தொட்டியைப் பார்த்ததும் இரண்டு தடவை இருமும். உடனே நான் "இறங்கு" என்பேன். உங்கள் மகள் இறங்கி, மடியில் வைத்திருந்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி மேட்டை நடந்து ஏறுவாள். நான் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். மழைக்காலத்தில் இன்ஜினுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டால் அவள்தான் என்னைவிட முன்னால் போய்ச் சேருவாள். இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடியது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. குடும்பம் என்றால் நாலும் இருக்கும்தானே.

போன மாதத்துக்கு முந்தின மாதம் உங்கள் மகளுக்கு முட்டி வலி வந்தது. டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்து, "மேடு ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே தொட்டி வந்தது, வண்டி இருமியது, நான் வழக்கம்போல "இறங்கு" என்றேன். பின்னாலிருந்து "மாட்டேன்" என்று பதில் வந்தது. "இனிமே நான் நடுவுல இறங்க மாட்டேன். இந்த வண்டியில ஏறினா வீட்டு வாசல்லதான் இறங்குவேன். அது முடியாதுன்னா சொல்லிடுங்க, ஏறவே மாட்டேன்" என்றாள். வண்டி போகவும் இல்லை, அவள் இறங்கவும் இல்லை. மேட்டின் நடுவில் இரண்டு பேரும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன, யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வண்டியைத் திருப்பிக் கீழே உருட்டிக்கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறி வீடு வந்தோம்.

மறுநாள் காலை எங்கள் கடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவருக்கு 'அரைமணி' என்று பேர். எந்த வேலையைச் சொன்னாலும் "அரை மணி நேரம்ணே" என்பார். பஞ்சருக்கும் அரை மணிதான், லாரிக்குப் புதுசாகத் தலை வைக்கவும் அரை மணிதான். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "வித்துடலாம்ணே" என்றார். "மாமனார் வண்டிய்யா, விக்க முடியாது" என்றேன். "அப்ப இன்ஜினை மட்டும் மாத்திடலாம். வெளிய மாமனார், உள்ள வேற ஆள். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். மாமா, இந்த யோசனை என்னுடையது அல்ல என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் கேஸ் சிலிண்டர் போடுகிறவரின் பெரிய ஸ்கூட்டர் ஒன்று உடம்பு இரண்டாகப் பிளந்து பட்டறையில் கிடந்தது. இன்ஜின் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. "நாலு சிலிண்டரை வச்சுக்கிட்டு இதே மேட்டுல ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறின இன்ஜின்ணே இது. கண்ணை மூடிக்கிட்டு வச்சிடலாம்" என்றார் அரைமணி. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காரியமும் செய்கிறவன் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்தேன். "இன்ஜினுக்கு எதுக்குண்ணே அளவு?" என்று சிரித்தார். "அளவெடுக்காம நான் ஒரு கைக்குட்டைகூடத் தைச்சதில்லை" என்று சொல்லிவிட்டு, அந்த இன்ஜினுக்கு உயரம், தோள்பட்டை, வயிற்றுச் சுற்றளவு, கழுத்து எல்லாம் எடுத்தேன். பிறகு நம் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, உள்ளே இருக்கும் இடத்தையும் அதே மாதிரி எடுத்தேன். ஆடுகிற சாமான் ஆயிற்றே என்று அரை இஞ்ச் லூசும் விட்டேன். வாடிக்கையாளர் நோட்டில் 'ஸ்கூட்டர்' என்று பேர் போட்டு எழுதிவைத்திருக்கிறேன். கனகச்சிதமாகப் பொருந்தும் என்று கணக்கு வந்தது.

அரை மணி வேலை நாலு நாளில் முடிந்தது. உங்கள் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். துடைத்து, வெள்ளை லைனிங் துணியில் சுற்றி, அலமாரியில் கோட்டுத் துணிகளுக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறேன். புதிசு உள்ளே போய்விட்டது, ஆனால் அதன் கார்புரேட்டர் முழங்கை மாதிரி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் பக்கத்து மூடி சாத்த மாட்டேன் என்றது. அதற்கென்ன, நமக்குத் தெரியாத வேலையா? கறுப்பு ரெக்ஸினில் நாலு மடிப்பு வைத்து, ஓரத்துக்குப் பட்டி கொடுத்து, ஆறு பிரஸ் பட்டனோடு ஒரு உறை தைத்து மாட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதிர்க்கடை சலவைக்காரர் மட்டும் வந்து, ஒரு பக்கம் புடைத்திருந்த வண்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இப்ப எத்தனையாவது மாசம்?" என்று கேட்டார். அவருக்கு எப்போதும் வாய் அதிகம்.

முதலில் நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். ஐயோ மாமா! கீழே இருந்தேன், அடுத்த நிமிஷம் மேலே இருந்தேன். நடுவில் தொட்டி வந்ததா என்றே தெரியவில்லை. சத்தமோ ஊரைக் கூட்டியது. பின்னால் ஏதோ பெரிய வண்டி வருகிறது என்று நினைத்து எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், திரும்பி வண்டியைப் பார்த்ததும் விட்ட வழியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். வாயெல்லாம் பல்லாகக் கீழே வந்து, கடை வாசலில் நின்றிருந்த உங்கள் மகளிடம், "உக்காரு. இனிமே உன்னை இறங்கச் சொன்னா என்னன்னு கேளு" என்றேன். அவளும் முகத்தில் சிரிப்போடுதான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே வண்டியின் வயிற்றுக்குள் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சலவைக்காரர் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இன்ஜின் நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா, பேண்டுக்கு அளவெடுக்கிறபோது நான் யாராக இருந்தாலும் ஒரு தடவை உட்காரச் சொல்லிப் பார்ப்பேன். நிற்கிற அளவு வேறு, உட்காருகிற அளவு வேறு. முப்பது வருஷமாக இதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். இந்த ஸ்கூட்டரில் ஆள் உட்கார்ந்தால் உடம்பு கீழே இறங்கும், இன்ஜின் சக்கரத்தோடு சேர்ந்து மேலே ஏறும். நான் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து, ஒருவரும் உட்காராமல் அளவெடுத்திருக்கிறேன். ஒருத்தர் உட்கார்ந்தால் அரை இஞ்ச் லூசு காணாமல் போனது, இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்ஜின் போய் சீட்டுக்கு அடியில் இடித்தது. உங்கள் மகள் நடுவழியில் இறங்கக் கூடாது என்பதற்காக வைத்த இன்ஜின், அவளை ஏறவே விடவில்லை.

இதை நானே பக்குவமாக எடுத்துச் சொல்லியிருப்பேன். அதற்குள் அரைமணி தரையில் படுத்துக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி உக்காந்தாத்தான்ணே இடிக்குது. அண்ணி இல்லாட்டி இடிக்கல" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "என்னண்ணே இது, நாலு சிலிண்டர் தூக்கின இன்ஜின்..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். ஆனால் உங்கள் மகளுக்கு எந்தப் பேச்சையும் பாதி சொன்னாலே போதும், மீதியை அவளே தைத்துக்கொள்வாள். அதிலிருந்து மூன்று நாள் பேச்சு இல்லை. எதிர் மிஷினில் உட்கார்ந்து வழக்கம்போலக் காஜா எடுத்தாள், ஆனால் ஒவ்வொரு காஜாவும் பட்டன் இரண்டு போகிற அளவுக்குப் பெரிதாக விழுந்தது.

நாலாம் நாள் அரைமணி சாமான் ஏற்றும் வண்டியின் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து நம் ஸ்கூட்டருக்கு வைத்தார். இப்போது யானை உட்கார்ந்தாலும் இறங்காது என்றார். 'யானை' என்ற வார்த்தையை உங்கள் மகள் காதில் விழாதபடி நான் இருமி மறைத்துவிட்டேன். இடிப்பது நின்றது. ஆனால் வண்டி ஒரு முழம் உயர்ந்துவிட்டது. முட்டி வலிக்காரி எப்படி ஏறுவாள்? கடையிலிருந்த மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். ஸ்டூல் மேல் ஏறி அவள் சீட்டில் உட்கார்ந்தாள், சரி. ஸ்டூல் தரையில் இருந்தது. போகிற இடத்தில் இறங்க அது வேண்டும். அவள் ஸ்டூலை எடுக்க இறங்கினாள். எடுத்துக்கொண்டாள். இப்போது ஏற ஸ்டூல் வேண்டும். இந்த மாதிரி மூன்று தடவை ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. ஸ்டூலின் காலில் நாடா கட்டி, நாடாவை அவள் கையில் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி ஸ்டூலை இழுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. நல்ல ஏற்பாடுதானே, மாமா?

அன்று சாயங்காலம் பழக்கடை வாசலில் அவள் அப்படி ஏறி உட்கார்ந்தாள். நாடாவை இழுக்கப் போனாள். நான் கிளட்சை விட்டேன். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அன்றைக்கு ஒரு கோட்டு ஆர்டர் வந்திருந்தது, அதன் கை நீளத்தைப் பற்றி நான் அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வாக்கியம் சொல்லி முடித்தேன். இன்னொன்று ஆரம்பித்து, அதையும் முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோய் முடித்தேன். மூன்றாவது வாக்கியமும் முழுசாக முடிந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் சீட்டு காலி. அடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனேன். பழக்கடை வாசலில், நடு ரோட்டில், அதே ஸ்டூல் மேல் உங்கள் மகள் நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. பழக்கடைக்காரர் விசிறிக்கொண்டிருந்தார். "விழுந்துட்டியா?" என்று பதறினேன். "நான் எங்க விழுந்தேன்? நான் உக்காந்த இடத்துலதான் இருக்கேன். வண்டிதான் போயிடுச்சு" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். "நீங்க உங்க இன்ஜினோட வாங்க" என்று சொல்லிவிட்டாள். அது ஒரு நாள் கோபம், ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆற விடாமல் கெடுத்தது அந்த இன்ஜினின் சத்தம். மெயின் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள் என்று நான் உள்தெருக்கள் வழியாகப் போனேன். இரண்டு வீடு தாண்டியதும் ஒரு அம்மா காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அடுத்த வீட்டிலும் ஒருவர் வந்தார். திரும்பிப் பார்த்தால் தெரு முழுக்கச் சிலிண்டர். அந்தச் சத்தத்தை ஏழெட்டு வருஷமாகக் கேட்டுப் பழகினவர்கள், மாமா. நான் என்ன செய்வேன்? வேகமாகப் போனால் சத்தம் இன்னும் பெரிதாகி, அடுத்த தெருக்காரர்களும் வருகிறார்கள். தெரு முனையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்று, "புக் பண்ணிப் பத்து நாளாச்சு" என்று பிடித்துக்கொண்டார். "நான் டெய்லர்ங்க" என்றேன். "டெய்லரா இருங்க, யாரு வேணாம்னா? மொதல்ல சிலிண்டரைக் கொண்டாந்து குடுங்க" என்று சொல்லி, காலிச் சிலிண்டரைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்து, ஸ்டூலிலிருந்து அவிழ்த்து நான் சீட்டில் போட்டு வைத்திருந்த நாடாவாலேயே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டார். டீச்சர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

சிலிண்டர் கிடங்குக்குப் போகிற வழியில் சிக்னலில் நின்றேன். பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. சும்மா நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் உங்கள் மகள். என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் பார்த்தாள். அவள் உட்கார வேண்டிய இடத்தில், அவளுக்காக நான் கட்டிக் கொடுத்த நாடாவைக் கட்டிக்கொண்டு, சிலிண்டர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தேன், இந்த இன்ஜின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது. வீட்டில் என்ன நடக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். ஒரு சத்தமும் போடவில்லை. தட்டை வைத்துக்கொண்டே, "என் இடத்துல சிலிண்டர் நல்லா உக்காந்திருந்துச்சே. இடிக்கவே இல்லபோல" என்று மட்டும் சொன்னாள்.

இன்றோடு பதினாறு நாள். அவள் பஸ்ஸில் வருகிறாள், பஸ்ஸில் போகிறாள். நான் வண்டியில் தனியாகப் போகிறேன். கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் இரண்டு மிஷின் ஓடுகிற சத்தத்தில் பேச முடியாது, அதற்குள் "என் சட்டை என்ன ஆச்சு" என்று யாராவது வந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் அவளுக்கு ஆயிரம் வேலை. போகிற வழியில் அந்த வண்டியில்தான், மாமா, நாங்கள் பேசுவோம். அவள் என் காதுக்குப் பின்னால் வாயை வைத்துக்கொண்டு பேசுவாள், நான் சொல்வதில் பாதியை மறுப்பாள், மீதியைத் திருத்துவாள். இப்போது மறுக்க ஆள் இல்லாமல் நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: அவள் இல்லாமல் எனக்கு அந்த வண்டியில் போகப் பிடிக்கவில்லை.

வண்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை என்று நான் உறுதி கூறுகிறேன். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்து, சீட்டுக்கு அடியில் இடமும் விட்டாயிற்று. இந்தத் தடவை நானும் அரைமணியும் சலவைக்காரரும் மூன்று பேருமாக ஏறி உட்கார்ந்துகொண்டு அளவெடுத்தோம். பிரேக் புதிது. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. பின் சீட்டில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து மேடு ஏறிப் பார்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. சத்தத்துக்கும் வழி செய்துவிட்டோம், இப்போது தெருவில் யாரும் வெளியே வருவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை. நான் சொன்னால் உங்கள் மகள் கேட்க மாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். "மாப்பிள்ளை வண்டியில் பின்னால் உட்கார்ந்து போ" என்று ஒரே ஒரு வரி, உங்கள் கையால், அவள் பெயருக்கு எழுதிப் போடுங்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் மூன்றாவது பிள்ளையின் வயிற்றைக் கிழித்ததற்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் பணிவான வணக்கம். சின்ன மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும். அவருடைய கார் நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். தாங்கள் இருவரும் நெடுநாள் சுகமாக இருந்து எங்களை வாழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடவும். உறை எழுதத் தங்கள் புதிய வீட்டுக் கதவு எண் எனக்கு ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் கடை சாத்துகிற நேரத்தில் உங்கள் மகளைக் கேட்டேன். "குடுங்க, நானே எழுதறேன்" என்று வாங்கியவள், உறைக்குள் இருந்ததை எடுத்து, நின்ற நிலையிலேயே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில் சிரிக்கவில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை படித்தாள். பிறகு, "சாவி எங்க?" என்றாள்.

மாமா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே உதையில் இன்ஜினைக் கிளப்பி, "ஏறுங்க" என்றாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். பதினாறு வயசிலேயே நீங்கள் அவளுக்கு இதே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களாம், அத்தையைப் பின்னால் உட்காரவைத்து இதைவிடப் பெரிய மேடெல்லாம் ஏறியிருக்கிறாளாம். "அந்தப் பழைய இன்ஜினே ரெண்டு பேரை நல்லா இழுக்கும். நீங்க பாதி மேட்டுல போய் கியரை மாத்துவீங்க, அதான் இருமும்" என்றாள். "இதை ஏன்டி இத்தனை வருஷமாச் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேனே. வண்டி வந்த மொத வாரமே சொன்னேன். 'பின்னால உக்காந்துக்கிட்டு எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்காதே'ன்னீங்க. அதுக்கப்புறம் சொல்லல. நடந்தேன்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறேன், மாமா. நான் அப்படிச் சொன்னது எனக்கே நன்றாக ஞாபகம் வந்துவிட்டது.

அதற்குள் தண்ணீர்த் தொட்டி வந்தது. இன்ஜின் இருமவே இல்லை. உங்கள் மகள் வண்டியை ஓரமாக நிறுத்தி, "இறங்குங்க" என்றாள். "ஏன், இழுக்கலையா?" என்றேன். "நல்லா இழுக்குது. இறங்குங்க" என்றாள். இறங்கினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வண்டியில் போகும்போது தெரியவில்லை, அது ரொம்பப் பெரிய மேடு, மாமா. நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். வீட்டுக்குப் போனதும், "நாளைக்கும் இறக்கிவிடுவியா?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.

ஆகையால் உங்கள் மகளுக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். அத்தை முட்டிக்குத் தேய்க்கிற தைலத்தின் பெயரை மட்டும் எனக்கு உடனே எழுதி அனுப்பவும்.